தூண்டிற்கோலுக்கு ஒரு ரீல்

மீன் பிடிப்போர் தம் தூண்டிற்கோலைப் பற்றி நாள் முழுவதும் பேசுவர். அக்கோலின் அடியில் தொங்கும் ரீலைப் பற்றிப் பேசத் தொடங்குவது பெரும்பாலும் அது பழுதுபட்ட பிறகுதான். கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு சனிக்கிழமைக் காலையில் அப்படி ஒரு ரீல் பழுதுபட்டது. அதனால் ஒரு மீன் கைநழுவிப் போயிற்று. மீனோடு வேறொன்றும் போய்விடும் போலிருந்தது.

கிராஞ்சி என்பது ஒரு மரத்தின் பெயர். கறுத்த தோலும் புளிப்பும் இனிப்பும் கலந்த சதையும் உடைய சிறு கனிகளைத் தரும் அம்மரத்தை மலாய் மக்கள் 'கெராஞ்சி' என்பர். மரத்தின் பெயரே ஆற்றுக்கும் ஊருக்கும் வழங்கலாயிற்று. சிங்கப்பூரின் வடமேற்கில் அந்த ஆறு ஜொகூர் நீரிணையில் கலந்த முகத்துவாரத்தின் குறுக்கே 1975ஆம் ஆண்டில் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்னர் கடல் ஏறும்போது உப்பு நீர் உள்ளே புகும்; இறங்கும்போது சதுப்பு நிலம் தலை காட்டும். இன்று அணையின்மீது நிற்பவனுக்கு ஒரு புறம் உப்பு நீர், மறு புறம் குடிநீராகும் நன்னீர். இரண்டுக்கும் இடையே ஒரு சாலையின் அகலந்தான்.

இந்த நீர்த்தேக்கக் கரைக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு முதியவரும் அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் வருவது வழக்கம். பெருவிரைவு ரயிலில் கிராஞ்சி நிலையத்தில் இறங்கி, பேருந்து பிடித்து, ஏழு மணிக்கெல்லாம் கரையில் இருப்பார்கள். முதியவர் எழுபதைக் கடந்தவர். அவருடைய தந்தையார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். குடியிருப்பின் ஓரத்துக் கால்வாயில், மூங்கிற்குச்சியும் மண்புழுவுமாக அவருடைய மீன்பிடிப்புத் தொடங்கியது. தஞ்சோங் பகாரில் 1972ஆம் ஆண்டில் கொள்கலன் முனையம் செயற்படத் தொடங்கிய பின்னர், அவர் பாரந்தூக்கி இயக்கக் கற்றுக்கொண்டார். முப்பது ஆண்டுக்கு மேல் அதையே தொழிலாகக் கொண்டிருந்தார். பேரன் உயர்நிலைப் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான்.

முதியவரிடம் இருப்பது ஒரே கோல். ஏழடி நீளம், மிகவும் வளையாத, மிகவும் விறைக்காத நடுத்தர வலிமை, 8 முதல் 12 ராத்தல் வரை தாங்கும் நூலுக்கு ஏற்றது. மீனுக்கொரு கோல் வைத்திருப்பவர்கள் உண்டு. "வீட்டில் கோல் வைக்க இடமா, மனிதர் இருக்க இடமா?" என்று பாட்டியார் ஒருமுறை கேட்டதிலிருந்து, எல்லாவற்றுக்கும் ஒரே கோல் என்பது அக்குடும்பத்தில் சட்டமாகிவிட்டது.

அந்த நீரில் அக்கோலுக்கு வேலை கொடுப்பவை முக்கியமாக இரண்டு மீன்கள். ஒன்று, 'பீகாக் பாஸ்'. பெயரில் பாஸ் என்று இருந்தாலும் அது பாஸ் இனத்தைச் சேர்ந்ததன்று. தமிழ்நாட்டார் ஜிலேபிக் கெண்டை என்று சொல்லும் திலாப்பியாவின் உறவு. தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதி அதன் தாயகம். மனிதர் கொண்டுவந்து விட்டதால் இங்கே குடியேறியது. பொன்னிற உடலில் கறுப்புப் பட்டைகளும், வாலில் மயில் தோகையின் கண்ணைப் போன்ற பொட்டும் இருக்கும். மற்றொன்று, மலாய் மக்கள் 'தோமான்' என்னும் மீன். அது நம் விராலின் பெரிய தமையன் எனலாம். ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். விராலைப் போலவே அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்லும். அதன் குஞ்சுகள் செந்நிறமானவை. நூற்றுக்கணக்கில் திரண்டு, நீரின் மேற்பரப்பில் ஒரு செம்பந்து போல நகரும். தாயும் தந்தையும் அந்தப் பந்தின் கீழே காவல் நிற்கும்.

அந்தச் சனிக்கிழமை பேரன் வீசிய போலி இரை, அவன் குறிவைத்த இடத்துக்குப் பத்து மீட்டர் இப்பால் விழுந்தது. அது வழக்கந்தான். அவன் பிறவியிலேயே இடக்கை வழக்கம் உடையவன். தாத்தாவின் முன்னிலையில் மட்டும் எதையும் வலக்கையால் செய்வான். சாப்பிடும் கையும் கும்பிட்டு வாங்கும் கையும் வலக்கை என்பது அவர் வளர்ந்த விதம். கோலையும் வலக்கையில் பிடிக்க வேண்டும். ரீலின் கைப்பிடியை இடக்கையால் சுற்ற வேண்டும். ரீல் அவ்வாறே அமைந்திருந்தது. அவர் பிடித்ததும் அவ்வாறே.

தவறி விழுந்த இரை, செம்பந்து ஒன்றின் ஓரமாக வந்தது. காவல் நின்ற தோமான் அதைப் பாய்ந்து கவ்வியது. கோல் வளைந்தது. "விடாதேடா! இறுக்கிப் பிடி!" என்று முதியவர் கூவினார். கூவியதோடு நில்லாமல், கையை நீட்டி ரீலின் தலைத் திருகை முழுவதும் இறுக்கினார். நூல் ஓர் அங்குலமும் நகரவில்லை. மறுகணம் வெடித்தாற்போல் அறுந்தது. மீன், வாயில் மும்முள்ளோடும் போலி இரையோடும் ஆழத்துக்குப் போயிற்று. செம்பந்து சிறிது நேரம் அங்கேயே சுழன்றுகொண்டிருந்தது.

பேரன் ஒன்றும் பேசவில்லை. வரும் வழியெல்லாம் தன் வலக்கையையே பார்த்துக்கொண்டு வந்தான். அடுத்த சனிக்கிழமை வீட்டுப்பாடம் என்றான். அதற்கடுத்த வாரம் தலைவலி என்றான். மூன்றாம் வாரம் காரணமே சொல்லவில்லை.

அந்த மூன்றாம் வாரத்து இரவில் முதியவர் மேசைமேல் செய்தித்தாளை விரித்து ரீலைக் கழற்றினார்.

ரீலின் நூல் உருளையின் தலையில் ஒரு திருகு இருக்கும். அதன் கீழே மெத்தென்ற கம்பளித் துணியாலோ கரிம இழையாலோ செய்யப்பட்ட வட்டத் தகடுகள், உலோகத் தகடுகளோடு மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். திருகை இறுக்கினால் தகடுகள் ஒன்றையொன்று அழுத்தும், தளர்த்தினால் நழுவும். மீன் ஓர் அளவுக்கு மேல் இழுக்கும்போது தகடுகள் நழுவி, உருளை சுழன்று, நூலை வெளியே விட வேண்டும். இதனை 'டிராக்' என்பர். மீன் களைத்த பிறகு, விட்ட நூலை மீண்டும் சுற்றிக்கொள்ளலாம். மெல்லிய நூலால் பெரிய மீனைக் கரைசேர்க்கும் இரகசியம் முழுவதும் இந்தத் தகடுகளில்தான் இருக்கிறது.

முதியவரின் ரீலில் அத்தகடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முன்னர்ப் பிடோக் படகுத்துறையில் கடல்மீன் பிடித்த காலத்தில், அதனை அவர் நன்னீரில் சரியாகக் கழுவி வைத்ததில்லை. உப்பு உள்ளே புகுந்து, பழைய பசையோடு சேர்ந்து இறுகியிருந்தது. ஆக, குறை ரீலிலும் இருந்தது. ஆனால் ரீல் ஒட்டியிருந்தது பாதிதான். மீதிப் பாதியை இறுக்கியது எந்தக் கை என்பதை அவர் அறிவார். முப்பது ஆண்டு பாரந்தூக்கி இயக்கியவருக்கு இது தெரியாத செய்தியன்று. பல டன் எடையுள்ள பெட்டியை இறக்கும்போது பிரேக்கைச் சட்டென்று பிடிப்பவன் அந்தத் தொழிலில் நீடிக்க முடியாது. எடையைச் சிறிது சிறிதாக விட வேண்டும். கொள்கலனிடம் காட்டிய பொறுமையை மீனிடம் காட்டத் தவறினார், மீனிடம் மட்டுமன்று.

மறுநாள் மகள் வீட்டுக்குத் தொலைபேசினார். "மீன் பிடிக்க வரவேண்டாம். ரீல் வாங்க வா. உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்" என்றார். பேரன் வந்தான்.

ஜாலான் புசார்ப் பக்கம் ஒரு தூண்டிற்கடை. சிராங்கூன் சாலையில் பூ வாங்கிக்கொண்டு நடந்து போகும் தூரந்தான். கடைக்காரர் சீனர், முதியவரைவிடப் பத்து வயது இளையவர். இருவருக்கும் பொதுமொழி மலாய். முதியவர் பழைய ரீலை மட்டுமன்றிக் கோலையும் துணியுறையில் இட்டுக் கொண்டுவந்திருந்தார். அது நல்ல வழக்கம். கோல் இல்லாமல் ரீல் வாங்குவது, காலைக் காட்டாமல் செருப்பு வாங்குவதை ஒக்கும்.

கடைக்காரர் பழைய ரீலைச் சுழற்றிப் பார்த்தார். பற்சக்கரம் தேய்ந்திருந்தது. அந்த வகைக்கு உறுப்புகள் வருவதில்லை என்றார். புதியதுதான் வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. கண்ணாடிப் பேழையில் நாற்பதுக்கு மேற்பட்ட ரீல்கள் மின்னின. முப்பது வெள்ளிக்கும் உண்டு; ஆயிரம் வெள்ளிக்கும் உண்டு. முதியவரின் சட்டைப்பையில் நூறு வெள்ளி இருந்தது.

இவ்வளவு வகை பெருகிய ரீலின் தொடக்கம் எளியது. பழங்கால ரீல்களில் நூலை இழுத்தால் உருளையே சுழல வேண்டும். எடை குறைந்த இரைக்கு அந்த உருளையைச் சுழற்றும் வலிமை இராது. ஆகவே அதனைத் தூரமாக வீச முடியாது. இங்கிலாந்தின் பிராட்ஃபர்டு நகரில் நெசவாலைத் தொழிலில் இருந்த ஆல்ஃபிரெட் ஹோல்டன் இல்லிங்வர்த், ஆலையில் நிலையாக நிற்கும் நூற்கண்டின் முனையிலிருந்து நூல் வளையம் வளையமாகக் கழன்று வருவதைக் கண்டு, அதே முறையைத் தூண்டிலுக்குக் கொண்டுவந்தார். 1905ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். வீசும்போது உருளை அசைவதில்லை. நூல் மட்டுமே கழன்று ஓடுகிறது. சுற்றும்போது ஒரு வளைகம்பி உருளையைச் சுற்றி வந்து நூலை அதன்மீது அடுக்குகிறது. இன்று 'ஸ்பின்னிங் ரீல்' என்று உலகமெங்கும் விற்பது இதுவே. ஜப்பானின் சக்காய் நகரில் 1921ஆம் ஆண்டில் மிதிவண்டிப் பற்சக்கரம் செய்யத் தொடங்கிய ஷிமானோ நிறுவனம் பின்னர் ரீலும் செய்யத் தொடங்கியது. 1973ஆம் ஆண்டில் அது தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அமைத்தது சிங்கப்பூரில்தான். மிதிவண்டியானாலும் ரீலானாலும் பற்கள் ஒழுங்காகக் கவ்வுவதே சிறப்பு.

பேரனின் கண் முதலில் ஒரு பெரிய சிவப்பு ரீலில் விழுந்தது. பெட்டியின்மேல் '10+1 பேரிங்' என்று அச்சிட்டிருந்தது. பேரிங் என்பது அச்சு வழுக்கிச் சுழல உதவும் குண்டுகள் கொண்ட வளையம். பத்து இருந்தால் நான்கைவிட மேலானது என்று எண்ணுவது இயல்பு. கடைக்காரர் சிரித்தார். நன்றாகச் செய்து, தண்ணீர் புகாமல் அடைத்த நான்கு, துருப்பிடிக்கும் பத்தைவிட நெடுநாள் உழைக்கும் என்றார். எண்ணிக்கை பெட்டியை விற்கும், ரீலைச் சுழற்றாது.

அடுத்தது அளவு. ரீல்களுக்கு 1000, 2500, 4000 என்று எண் இட்டிருப்பார்கள். எண் கூடக் கூட உருளை பெரிதாகும், எடையும் கூடும். பேரன் விரும்பிய ரீல் 4000. கடைக்காரர் அதைக் கோலில் பொருத்தி, பிடியின் முன்புறத்தை ஒரு விரல்மேல் வைத்துக் காட்டினார். அடிப்பக்கம் தாழ்ந்து, நுனி வானத்தைப் பார்த்தது. 2500ஐப் பொருத்தியபோது கோல் ஏறத்தாழச் சமமாக நின்றது. காலை முழுவதும் வீசும் கைக்கு இந்த வேறுபாடு பெரிது. கால் கிலோ எடையுள்ள 2500, பீகாக் பாஸுக்கும் போதும். பொறுமை இருந்தால் தோமானுக்கும் போதும்.

பிறகு வேகம். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் வளைகம்பி எத்தனை முறை சுற்றும் என்பதைப் பற்சக்கர விகிதம் என்பர். ஐந்துக்கு ஒன்று என்பது நிதானம். ஆறுக்கு மேல் என்பது விரைவு. விரைவானது இரையை வேகமாக ஓட்டும். ஆனால் கனமான மீனை இழுக்கும்போது கைக்குக் கடினம். எல்லாவற்றுக்கும் ஒரே கோல் என்போருக்கு ஐந்தை ஒட்டிய விகிதமே பொருந்தும். வேகம் வேண்டுமானால் கையை விரைவாகச் சுற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக முதியவர் தாம் கேட்க வந்ததைக் கேட்டார். "இதன் டிராக் எப்படி?"

பெட்டியில் 9 கிலோ என்று போட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்க்க வேண்டாம் என்றார் கடைக்காரர். 10 ராத்தல் நூல் அறுவது ஏறத்தாழ நாலரைக் கிலோவில். டிராக்கை நூலின் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது ஒன்றரைக் கிலோவுக்கு வைப்பதே முறை. அதற்குமேல் எவ்வளவு பிடிக்கும் என்பது பெருமையன்று. அந்த அளவில் திணறாமல், விக்காமல் விடுகிறதா என்பதே கேள்வி. அவர் நூலின் நுனியை முதியவரின் கையில் கொடுத்து மெல்ல இழுக்கச் சொன்னார். சில ரீல்கள் முதலில் முரண்டு பிடித்து, பிறகு திடீரென்று விட்டன. ஒன்று மட்டும் முதல் இழுப்பிலிருந்தே தயிர் கடைவதுபோல் ஒரே சீராக விட்டது. விலை எண்பத்தைந்து வெள்ளி. கரும்பழுப்பு நிறம், மின்னுவதற்கு ஒன்றும் இல்லை. முதியவர் அதைத் தனியே எடுத்து வைத்தார்.

கடைக்காரர் அதைக் கோலில் பொருத்திப் பேரனிடம் நீட்டினார். அவன் தன்னை மறந்து இடக்கையால் வாங்கிப் பிடித்தான். வலக்கை கைப்பிடியைத் தேடி வெறுமையில் துழாவியது. கைப்பிடி இடப்பக்கத்தில் இருந்தது. உடனே தாத்தாவின் நினைவு வந்து, கோலை வலக்கைக்கு மாற்றப் போனான். கடைக்காரருக்கு இக்குடும்பத்தின் சட்டங்கள் தெரியா. அவர் ரீலின் வலப்புறத்து மூடியைக் கழற்றி, கைப்பிடியை உருவி, மறுபக்கத்தில் செருகித் திருகினார். கால் நிமிட வேலை. "இடக்கைப் பையனா? இப்படி வைத்துக்கொள்" என்றார்.

முதியவர் வியப்புடன், "இந்தப் புதிய ரீல்களில் அப்படி மாற்றலாமா?" என்று கேட்டார்.

கடைக்காரர் பழைய ரீலைக் கையில் எடுத்தார். அதன் திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். சிறிது முனகிவிட்டு அது கழன்றது. கைப்பிடி மறுபக்கத்தில் ஏறியது. "இதிலும் மாற்றலாம், ஐயா. எப்போதும் மாற்றலாம். நீங்கள் கேட்கவில்லை" என்றார்.

கடையில் சிறிது நேரம் பேச்சில்லை. பேரன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்றைக்கு என்னால்தான் மீன் போயிற்று, தாத்தா. என் வலக்கைக்கு வலு இல்லை" என்றான்.

"உன் கையில் குறை இல்லை, ஐயா" என்றார் முதியவர். "திருகை இறுக்கியது நான். உன் கையையும் நான்தான் இறுக்கினேன். எந்தக் கை வருகிறதோ அந்தக் கையில் பிடி."

பணம் கொடுத்த பிறகு, கடைக்காரர் 10 ராத்தல் நூலை உருளையின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் குறையச் சுற்றித் தந்தார். அதற்குமேல் சுற்றினால் நூல் கொத்தாகக் கழன்று சிக்கும். மிகக் குறைத்தால் விளிம்பில் உரசி, வீச்சு குறுகும். மீதிப் பணத்தில் சிறிய வில்தராசு ஒன்றும் வாங்கினர். மும்முள்ளின் எதிர்முட்களைக் குறடால் நசுக்கிவிடும்படி கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். அப்படிச் செய்தால், நூல் அறுந்து போனாலும் மீன் முள்ளை உதறிவிட வாய்ப்புண்டு. முதியவர் அதை இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தத் தோமானை அவர் மறக்கவில்லை. பசியால் கவ்விய மீன் வேறு; பிள்ளைகளுக்காகக் கவ்விய மீன் வேறு.

அடுத்த சனிக்கிழமை இருவரும் கிராஞ்சிக்கு வந்தனர். நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க ஒதுக்கிய பகுதியில் மட்டுமே நிற்கலாம். செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தலாம். உயிர் இரைக்கு இடமில்லை; குடிக்கும் நீரல்லவா? பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அறிவிப்புப் பலகையைப் பேரன் வழக்கம்போல் ஒருமுறை படித்தான். பிறகு நூலின் நுனியை வில்தராசில் மாட்டி இழுத்து, ஒன்றரைக் கிலோவில் நழுவும்படி திருகைச் சரிசெய்தான். செம்பந்து தெரிகிறதா என்று இருவரும் பார்த்தனர். தெரிந்தால் அப்பக்கம் வீசுவதில்லை என்பது புதிய சட்டம்.

அவன் இடக்கையால் வீசினான். இரை எதிரே இருந்த புல் மேட்டின் அருகே போய் விழுந்தது. முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. தொலைவைக் கண்ணால் அளந்துகொண்டார். ஏழெட்டு வீச்சுக்குப் பிறகு கோல் வளைந்தது. புதிய ரீல் 'கிர்ர்ர்' என்று பாடியது. நூல் வெளியே ஓடிற்று, மேலும் ஓடிற்று. முதியவரின் கை தானாகவே திருகை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றது. பிறகு முதுகுக்குப் பின்னே சென்று மற்றொரு கையைப் பற்றிக்கொண்டது.

மீன் மூன்று முறை ஓடியது. மூன்று முறையும் ரீல் விட்டது. மூன்று முறையும் பேரன் சுற்றினான். முழங்கை நீளத்துப் பீகாக் பாஸ் ஒன்று, வாலின் மயிற்கண் தெரியக் கரையோரம் புரண்டது. முள் எளிதாகக் கழன்றது. சிறுவன் அதை நீரில் தாங்கிப் பிடித்திருந்தான். செவுள்கள் நான்கைந்து முறை விரிந்து மூடின. பிறகு அது போயிற்று.

பத்து மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். உட்லண்ட்ஸில் வாங்கி வந்த நாசி லெமாக் பொட்டலங்கள் இரண்டு. பேரன் கரண்டியை எடுத்தான். எந்தக் கையால் எடுத்தான் என்பதை அவன் கவனிக்கவில்லை. தாத்தா கவனித்தார். தண்ணீர்ப் புட்டியை எடுத்து அவனுடைய இடப்பக்கத்தில், கைக்கு எட்டும்படி வைத்தார்.